நிகர எடை

அக்டோபர் பிறந்தால் எங்கள் ஊர்க் காற்றில்
ஈரமண்ணும் வெந்த பாகும் கலந்த வாடை.
சர்க்கரை ஆலை கண் விழித்துவிட்டது.
இனி ஜனவரி வரை தூங்காது.
நானும்தான்.

வாயிற்கூண்டில் எனக்கு இரவுப் பணி.
பீட்கிழங்கு லாரி எடைமேடை ஏறும்: நாற்பது டன்.
கொட்டிவிட்டுத் திரும்ப ஏறும்: பதினைந்து.
கழித்தால் கிழங்கு.
கிழங்கிலும் ஒட்டிய மண்ணைக் கழிக்க வேண்டும்.
ஆய்வகத்து வியோலெத்தா ஒரு கூடை அள்ளிக் கழுவி
நூற்றுக்கு எட்டு, நூற்றுக்குப் பதினொன்று என்று
சீட்டு அனுப்புவாள்.
விவசாயிகள் அவளைத் திட்டுவார்கள்.
அவள் கண்ணில் படுவதில்லை என்பதால்
என்னைத் திட்டுவார்கள்.

வீட்டுக் குளியலறைத் தராசில்
ஒன்பது வாரமாக ஒரே எண்.
தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன்,
பேட்டரி மாற்றினேன்,
காதணியைக்கூடக் கழற்றினேன்.

பிப்ரவரியில் நூற்றிரண்டு.
முதல் பத்துக் கிலோ
விருந்து முடிந்ததும் நல்லவர்கள் கிளம்புவதுபோல
சொல்லிக்கொண்டு போனது.
மிச்சமிருப்பவை உறவுக்காரர்கள்.
கோட்டு மாட்டி, தொப்பி வைத்து,
வாசலிலேயே நின்று பேசுகிறார்கள்.

பிட்கோஷ்ச் மருத்துவர் திரையைப் பார்த்தபடி சொன்னார்:
"சினைப்பை நீர்க்கட்டி, இலோனா.
இன்சுலின் கூப்பிட்டால்
உங்கள் உடம்புக்குச் சரியாகக் காது கேட்பதில்லை.
இளைக்க இளைக்க அது சிக்கனமும் பிடிக்கும்.
பொறுமையாக இருங்கள்."
எத்தனை மில்லிகிராம் பொறுமை,
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா,
கேட்கத் தோன்றவில்லை.

போகுஷ் தன் லாரியிலிருந்து எட்டி
மனைவி சுட்ட ஜாம் போன்ச்கியை நீட்டுகிறான்.
வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது.
"கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டால் தானாக இறங்காதா?"
ஒரே மூச்சில் இரண்டையும் செய்ய அவனால் முடியும்.
வருடாவருடம் அவன் லாரியில் இரண்டு டன் கூடுதல்.
நான் ஏன் என்று கேட்டிருக்கிறேனா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் ஓட்ஸை அளந்தேன், எண்ணெயை அளந்தேன்,
கிழங்கு மலையைச் சுற்றி நடந்த சுற்றுகளை அளந்தேன்.
மேசை இழுப்பறையில் ரசீதுக் கட்டு,
மெட்ஃபார்மின் அட்டை,
மோவாய் முடிக்கு ஒரு சாமணம்.
கூண்டுக் கண்ணாடியில் இரவில் முகம் நன்றாகத் தெரியும்.
அதுதான் இந்த வேலையின் குறை.

நேற்று மூன்று மணிக்கு வரிசை அறுந்தது.
மழை. சாலையில் ஒரு விளக்கும் இல்லை.
இறங்கிப் போய்
பதினெட்டு மீட்டர் இரும்பின் நட்டநடுவில் நின்றேன்.
மேலே சிவப்பு எழுத்தில்: நூறு.

இந்த மேடைக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
பிப்ரவரியில் நின்றிருந்தாலும் நூறு.
காதணி போட்டாலும் நூறு.
நான் அழுதிருந்தால், அப்போதும் நூறு.
சக்கரத்திலிருந்து விழுந்த ஒரு மண்கட்டி
காலடியில் கிடந்தது.
அதற்கும் சேர்த்து நூறு.
தனியாக நின்று சிரித்தேன்,
மழை வாய்க்குள் போகும் அளவுக்கு.

திரும்பி வந்து ஈரச் சட்டையை உதறும்போது
அடிவயிற்றில் அந்தப் பழைய இழுப்பு.
வலியா, மாத்திரை வேலையா என்று யோசித்து
கழிப்பறைக்கு ஓடினேன்.
உரக் கம்பெனி நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன்.
முப்பத்தாறாம் நாள்.
போன தடவை நூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு முந்தியது கணக்கில் இல்லை.

பஞ்சைத் தேடி இழுப்பறையைக் கவிழ்த்தேன்.
ரசீதுகளெல்லாம் தரையில்.
மொத்தம், கழிவு, நிகரம் என்று
எத்தனை பேருடைய இலையுதிர்காலம்.

இதனால் எண் இறங்கும் என்று சொல்லவில்லை.
இன்று காலையும் அதே தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
இல்லை, ஐந்து.
அந்த உறவுக்காரர்கள்
மறுபடி கோட்டைக் கழற்றுகிறார்கள் போல.

வெளியே ஹாரன்.
போகுஷ்தான். விளக்கைப் பச்சையாக்கச் சொல்கிறான்.
இருக்கட்டும்,
ஒரு நிமிடம் நிற்கட்டும்.
அவனுக்கென்ன, நாற்பது டன் வைத்திருக்கிறான்.